ஊர்வலத்தில் ஒரு முகம்

இரவு ஊர்வலத்தை நிழற்படம் பிடிக்க முனைபவன் முதலிற் கற்றுக்கொள்வது தன் கருவியின் ஏழ்மையை. பந்தத்தின் ஒளியில் நமது கண் ஆடுபவனின் கால்களையும் காண்கிறது. மரத்தடியில் நிற்கும் கிழவியின் புன்னகையையும் காண்கிறது. கமெராவோ இரண்டில் ஒன்றையே தெரிந்தெடுக்கும். தெரிந்தெடுத்தல் என்று வந்துவிட்டால் நியாயம், அநியாயம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

நான் வந்தாறுமூலை வளாகத்தில் தமிழ் பயின்ற காலத்தில், கலைவிழா ஒன்றின் இறுதி இரவில் மாணவர்கள் ஊர்வலம் நடத்தினர். வாவிக் காற்றில் தீப்பந்தங்கள் சாய்ந்து சாய்ந்து எரிந்தன. கூத்துடுப்பு அணிந்த மாணவர்கள், மத்தளத்தோடு அண்ணாவியார், எல்லோருக்கும் முன்னால் அயற்கிராமத்திலிருந்து கூலி பேசி அழைத்து வந்த பறைமேளக் குழுவினர். இரவல் கமெராவுடன் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

பிளாஷ் விளக்கின் ஒளி தூரத்தோடு விரைந்து தேய்வது. தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொரு பங்காகும். அருகே நின்றவர் சுண்ணாம்பு பூசியவர்போல் வெளுத்தார். பின்னே நின்ற நூறு பேர் இருட்டில் ஒழிந்தனர். பந்தத்தின் சுடரோ வாடிய பூவரசம் இலையாயிற்று. விளக்கை நிறுத்திவிட்டு, 1/15 செக்கன் நேரம் திறந்திருக்குமாறு கமெராவை அமைத்தேன். அசைந்தவர்களெல்லாம் புகையாகக் கரைந்தனர். அசையாது நின்ற ஒருவர் மட்டும் தெளிவாக விழுந்தார். பறைமேளக்காரருள் மூத்தவர் அவர். துவாயால் நெற்றி வியர்வையைத் துடைக்க ஒரு கணம் நின்றவர், நேரே என்னைப் பார்த்தார்.

படத்தை எல்லோரும் பாராட்டினர். வேறோர் ஊரில் நடந்த கண்காட்சியிற் பெரிதாக்கி மாட்டினர். அதன்கீழ் நான் எழுதிக் கொடுத்த தலைப்பு, ‘மக்கள் கலையின் முகம்’. முகத்துக்குரியவரின் பெயர் அங்கில்லை. நான் கேட்கவில்லை. மக்களை நேசிப்பவன் என்று என்னை நானே எண்ணியிருந்த காலம் அது.

ஊர்வலம் பிறர் காண்பதற்கென்றே நடப்பது, அதில் வந்தவரைப் படம் எடுப்பதிற் பிழையென்ன என்று கேட்போர் உளர். கண்டிப் பெரகராவில் கொப்பரைப் பந்தம் ஏந்தி நடப்பவரிடம் யார் அனுமதி கேட்கிறார்கள் என்றும் கேட்கலாம். மேலோட்டமாக இவ்வாதம் சரியே. ஆயின் அன்றிரவு ஆடிய மாணவன் காணப்படுவதற்காக வந்தான். பறையறைந்தவர் கூலிக்காக வந்தார். மாணவன் விடிந்ததும் உடுப்பைக் களைந்துவிட்டுப் பட்டதாரியாகிவிடுவான். அவர் பறையைக் கழற்றி வைத்தாலும் ஊர் அதை அவர் தோளிலிருந்து இறக்க விடாது. ஒரே ஊர்வலம்தான், ஆனால் பார்க்கப்படுதல் இருவருக்கும் ஒன்றன்று.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. படித்தவர் இகழ்ந்த கூத்து படித்தவரின் பெருமையாயிற்று. மத்தளமும் மதிப்புப் பெற்றது. பறைக்கு அம்மதிப்புப் பிந்தியே வந்தது; அதுவும் பெரும்பாலும் வளாகத்திலும் விழா மேடையிலுமே வந்தது. பறை கலையா, சாதி சுமத்திய அடையாளமா என்று நாம் கருத்தரங்குகளில் விவாதிக்கிறோம். அக்குடும்பங்களின் இளைஞர் பலர் விவாதிப்பதில்லை. பறையைத் தொடவே மறுத்துவிடுகின்றனர்.

நான் ஆசிரியனாகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. என் கைத்தொலைபேசியில் இப்படத்தைக் கண்ட மாணவி ஒருத்தி, “இது எங்கட அம்மப்பா, சேர்” என்றாள். அவர் இறந்து இருபது நாளாகியிருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போனேன். முப்பத்தோராம் நாளுக்கு வைக்க வீட்டிற் படமில்லை. அடையாள அட்டைப் படம் மங்கிவிட்டது. மகன் என் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பின்பு கேட்டார்: “மேளம் தெரியாம முகத்த மட்டும் வெட்டித் தர ஏலுமா, சேர்?”

என் நாநுனி வரை ஒரு விரிவுரை வந்தது. பறை இழிவன்று, இழிவு அதைச் சுமத்தியவர்களுடையது என்று தொடங்கும் விரிவுரை. அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும் அந்த உண்மைக்கு விலை கொடுக்கப் போகிறவன் நானல்லன். அச்சுவரின்கீழ் அமர்ந்து படிக்கப் போகும் சிறுமி. சிநேகிதிகள் வீட்டுக்கு வருவார்கள்; சுவரைப் பார்ப்பார்கள். மறுபுறம், மேளத்தை வெட்டினால் அந்த மனிதரின் வாழ்நாள் வித்தையையும் வெட்டியதாகாதா? அவர் பார்வையில் இருந்தது பெருமையா, சலிப்பா? நான் பெருமை என்று தலைப்பிட்டுவிட்டேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வந்தாறுமூலையின் வேறொரு நாள் அப்போது நினைவில் எழுந்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, அகதி முகாமாயிருந்த அவ்வளாகத்தில் மக்களை வரிசையில் நிறுத்தி, 158 பேரைத் தெரிந்தெடுத்து இராணுவத்தினர் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்தி நிற்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். சில அடையாள அட்டைக்கென எடுத்தவை. சில கலியாண வீட்டுப் படங்களிலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. ஓரத்தில் இன்னொருவரின் தோள் தெரியும். கலியாண வீட்டில் அப்படத்தை எடுத்தவன் மாப்பிள்ளையையும் பெண்ணையுமே எண்ணி எடுத்திருப்பான். அவன் எடுக்காதிருந்தால் அத்தாயின் கை வெறுமையாயிருக்கும். ஆனால் அவனுடைய நோக்கம் இன்று யாருக்கும் பொருட்டன்று. எந்த முகம் வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பதைத் தாய் தீர்மானித்தாள். அவளிடம் சென்று, படத்தின் அமைப்புக் கெட்டுவிட்டதே என்று சொல்லத் துணிபவன் யார்?

நான் வெட்டிக் கொடுத்தேன். மேளத்தின் வார் மட்டும் தோளில் ஒரு விரலளவு தெரிந்தது. அதையும் நீக்கட்டுமா என்றேன். மகன் உற்றுப் பார்த்துவிட்டு, “அது கிடக்கட்டும், சேர்” என்றார்.

கண்காட்சிப் பிரதியின்கீழ் பெயரை எழுதலாமா என்றும் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை. அதுவரை படத்தை இறக்கி வைக்குமாறு எழுதியிருக்கிறேன்.