ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திற!

"எனக்குக் கணக்கு வராது."

எத்தனை வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்? யார் எழுதிய தீர்ப்பு இது?

ஒரு நாள் ஒரு பக்கத்தில் சறுக்கினாய். அந்த ஒரு பக்கத்துக்காக மொத்தப் புத்தகத்தையும் மூடிவிட்டாய்!

எந்தப் பக்கம் அது? ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில்தான் கிடக்கும். தேடு!

1/2 + 1/3. ஞாபகம் இருக்கிறதா?

மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. 2/5 என்று எழுதினாய். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. (என் நோட்டிலும் விழுந்தது!) அதோடு பயந்து ஒதுங்கினாய்.

இன்றைக்குப் பார் அந்த விடையை. 2/5 என்பது பாதியைவிடக் குறைவு!

தட்டில் பாதி தோசை இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டாய். குனிந்து பார்த்தால் பாதிகூட இல்லை! எங்கே போயிற்று தோசை?

தோசையை ஆறு துண்டாக்கு. பாதி என்றால் மூன்று துண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு. மொத்தம் ஐந்து. 5/6.

மீச்சிறு பொது மடங்கு, மீ.சி.ம. என்று உன்னை மிரட்டியதே, அது இந்த ஆறுதான்! எல்லாத் துண்டையும் ஒரே அளவாக நறுக்குகிற வேலை. இதற்கா இத்தனை வருஷம் நடுங்கினாய்?

அடுத்த பயம் மைனஸா? மைனஸைக் கண்டு பெரிய பெரிய தலைகளே மிரண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் பிரான்சிஸ் மாசெரஸ், 1758-ல் அதை எதிர்த்துப் புத்தகமே போட்டார்!

அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, 628-ல், பிரம்மகுப்தர் மைனஸுக்கு விதி எழுதிவிட்டார். பிளஸ் எண் சொத்து. மைனஸ் எண் கடன். அவ்வளவுதான்!

டீக்கடை நோட்டில் உன் பேரில் ஐந்து ஐந்து ரூபாயாக மூன்று வரி கடன். கடைக்காரர் மூன்றையும் அடித்துவிட்டார். உனக்கு லாபமா, நஷ்டமா? 15 ரூபாய் லாபம்! கடன் மைனஸ், அதை அடிப்பதும் மைனஸ். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று இனி யாரிடமாவது கேட்பாயா?

அரசு வேலைக்காகக் குரூப் 4 தேர்வு எழுதுகிறாய். 200 கேள்வியில் 25 கணக்கு. ஒரே ஒரு கேள்வியில் வேலை நழுவுகிற தேர்வு அது. நீயோ அந்த 25-க்கும் கண்ணை மூடிக்கொண்டு "சி", "சி" என்று வட்டத்தைக் கருப்பாக்குகிறாய்!

என்ன கேட்கிறார்கள் அதில்? சதவீதம், விகிதம், தனிவட்டி, பரப்பளவு, காலமும் வேலையும். ராக்கெட்டா விடச் சொன்னார்கள்? பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் போடுகிற கணக்கு!

"இந்த வயதில் ஆறாம் வகுப்புப் புத்தகமா?"

ஆமாம்! என்ன வெட்கம்? விட்ட இடத்திலிருந்துதானே பிடிக்க முடியும்? பத்தாம் வகுப்பு கைடை வாங்கி அட்டை போட்டு வைத்தாயே, ஒரு பக்கமாவது புரிந்ததா?

அக்கா மகனிடம் புத்தகத்தைக் கேள். சிரிப்பான். சிரிக்கட்டும்! பின்னம் பாடம் எது என்று அவனையே கேள்.

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு போடு. தப்பாகும். அழிக்காதே! கூட்டிய பிறகு பெருத்ததா, சிறுத்ததா என்று பார். எந்த வரியில் வழுக்கியது என்று பக்கத்திலேயே எழுது. அடுத்த கணக்குக்குப் போ.

நாளைக்கா? மணி எட்டரை ஆகிறது. அவன் தூங்குவதற்குள் போய்க் கேள்!