யாரும் காணாத இடம்

உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவை நடு இரவில் காவலர் வந்து தட்டுவார். ஊர்க் காவல்காரரான சௌகிதாரும் கூட வருவார். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டதும் கரக் சிங் எழுந்து வந்து முகம் காட்ட வேண்டும். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் எதுவும் இல்லையென்று விடுவிக்கப்பட்டவர் அவர். வழக்கு அத்தோடு முடிந்தது. காவல் நிலையத்தில் மட்டும் அவர் பெயரில் ஓர் ஏடு திறந்தே இருந்தது. 'ஹிஸ்டரி ஷீட்' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதுதான். யார் அவரைத் தேடி வருகிறார்கள், அவர் எந்த ஊருக்குப் போகிறார், எப்போது திரும்புகிறார் என்பதெல்லாம் அதில் ஏறிக்கொண்டே இருந்தன.

அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இரவில் கதவைத் தட்டி எழுப்புவது செல்லாது என்பதில் அவர்களுக்குள் பேதமில்லை. ஆனால் ஒருவரைப் பின்தொடர்வதிலும் குறிப்பெடுப்பதிலும் குற்றமில்லை, அந்தரங்கம் என்று ஓர் உரிமையை அரசியல் சட்டம் தரவில்லை என்று பெரும்பான்மை கருதியது. சுப்பா ராவும் ஷாவும் மட்டும் மறுத்தார்கள். காவலரின் பார்வைக்குள் நடமாடும் மனிதனைக் கட்டிப் போடாவிட்டாலும் அவனுக்கு நாடு முழுவதுமே சிறைதான் என்ற பொருளில் சுப்பா ராவ் எழுதினார். நாட்டின் சட்டமாகாமல் போன அந்தச் சிறுபான்மைக் குரல், என் எண்ணத்தில், பெரும்பான்மை காணாத ஒன்றைக் கண்டது. கதவு தட்டப்படும்போது தூக்கம்தான் கெடுகிறது. தட்டாமலே பார்த்துக்கொண்டிருந்தால் கெடுவது என்ன என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி நமக்குப் புதியதும் அல்ல, தூரத்தில் உள்ளதும் அல்ல. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்' என்று இன்றும் சொல்வது, 1871இல் வடக்கே பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான். அதன்படி ஒருவர் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, பட்டியலில் ஏறிய ஒரு சமூகத்தில் பிறந்திருந்தால் போதும். விரல் ரேகை பதிய வேண்டும், சொன்ன நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊரை விட்டு ஊர் போகச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர் சமூகத்தினர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காள் என்ற பெண்ணும் மாண்டவர்களில் ஒருவர் என்று அந்த ஊர் நினைவு வைத்திருக்கிறது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கைதிகளின் அளவுகளையும் ரேகையையும் எடுப்பதற்கென்று தனியாக ஒரு சட்டமும் வந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இல் ஒழித்தது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்துவிட்டது. பிறப்பைப் பார்ப்பதை அது விட்டது. பட்டியல் போடும் பழக்கத்தை விடவில்லை.

இந்த வரலாற்றைச் சொன்னால் நம்மில் பலர் அமைதியாகக் கேட்டுவிட்டு, மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்பார்கள். நேர்மையாக வாழ்கிறவனை அரசு பார்த்தால் என்ன, கேட்டால் என்ன? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பழமொழியின் வழியில் காத்திருப்பவன் காவலன் அல்லன், கள்வன். மடியில் இருப்பதோ திருட்டுப் பொருள் அல்ல, வழிப்போக்கன் உழைத்துச் சேர்த்த சொந்தப் பணம். அப்படியானால் பயப்படுகிறவன் குற்றவாளி என்று அந்தப் பழமொழியே சொல்லவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எது கனம் என்று நிறுப்பவர் நாம் அல்லர். நேற்றுக் கனமாகத் தோன்றாத ஒரு பேச்சு, ஒரு நட்பு, ஒரு கூட்டத்தில் போய் நின்றது, ஆட்சி மாறிய மறுநாள் கனமாகிவிடலாம். நெருக்கடி நிலைக் காலத்தைக் கடந்து வந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் தெருவெங்கும் கேமரா பொருத்தும் முயற்சிக்குக் காவல் துறை 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்தது. வைத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் புராணத்தில் அந்தக் கண் எரிக்கத் திறந்த கண் என்பது அவர்களுக்கு நினைவில்லை போலும்.

அரசு எவரையும் கண்காணிக்கவே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. குண்டு வைக்கத் திட்டமிடுகிறவனின் பேச்சை ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் விதிவிலக்காக வந்தது வழக்கமாக மாறும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க அரசுக்கு அதிகாரம் தந்தது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு ஆகிய இரண்டுக்காக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது அதன் வாசகம். அதற்கு முறைகள் வகுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முறைகள் வந்தன. உள்துறைச் செயலாளர் ஆணையிடுவார், அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி அவற்றைச் சரிபார்க்கும். மத்திய அரசு மட்டும் மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை இத்தகைய ஆணைகளைப் பிறப்பிப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தெரிய வந்தது. அதை எடுத்துக்காட்டிய, தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வரை பார்க்க வேண்டியிருப்பது நடக்கக்கூடிய காரியமல்ல என்று 2018இல் எழுதியது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 முதல் 300 மனிதர்களின் அந்தரங்கத்தைத் திறக்கும் பேனாவின் மீது நமக்குக் கோபம் வராது, அது கொடிய பேனா அல்ல. அலுத்துப்போன பேனா. கொடுங்கோன்மைக்கு எப்போதும் ஒரு கொடுங்கோலன் தேவையில்லை என்பதையே இது காட்டுகிறது. கையெழுத்திடும் பழக்கம் போதும்.

2011இல் ஒரு லஞ்ச வழக்குக்காகப் பிறந்த ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. லஞ்சத்தைத் துப்பறிவது பொது நெருக்கடியும் அல்ல, பொதுப் பாதுகாப்பும் அல்ல என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனால் இடையில் பதினான்கு ஆண்டுகள் போய்விட்டன. பறித்த நிலத்தைத் திருப்பித் தரலாம், அடைத்தவரை விடுவிக்கலாம். கேட்ட பேச்சைக் கேளாததாக ஆக்க எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

1962இல் மறுக்கப்பட்ட உரிமை கடைசியில் வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். கரக் சிங் வழக்கில் பெரும்பான்மை சொன்னது அந்த அளவில் தவறென்றானது. சுப்பா ராவின் குரல் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சட்டமானது. ஆனால் உரிமை பிறந்த ஆறாம் ஆண்டில், 2023இல் தனிநபர் தரவுகளைக் காக்க வந்த சட்டம், அரசு தான் குறிப்பிடும் தன் அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துக்கொள்ள இடம் வைத்தது. அதே ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 1885இன் ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தைப் புது வாசகத்தில் காப்பாற்றிக்கொண்டது. இவை செய்தித்தாளில் நாம் கடந்து போனவைதாம். கடந்து போனோம் என்பதைத்தான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் நமக்கு உறைப்பதில்லை? இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு முதலில் நம் செயலைத் தொடுவதில்லை. அது தொடுவது, செயலுக்கு முன்னால் மனத்தில் நிகழும் தயக்கத்தை. ஒரு நண்பனிடம் போனில் சொல்ல வந்ததை, 'நேரில் பேசிக்கொள்வோம்' என்று நிறுத்துகிறோம். ஒரு மனுவில் கையெழுத்திடும் முன் மகனின் அரசு வேலையை நினைத்துக்கொள்கிறோம். யாரும் நம்மைத் தடுக்கவில்லை. நாமே விவேகமாக நடந்துகொண்டோம். தடை விதிக்கப்பட்ட சுதந்திரத்துக்காகப் போராட ஆள் கிடைப்பார்கள். விவேகத்தின் பெயரால் நாமே கைவிட்ட சுதந்திரத்துக்கு அழுவதற்குக்கூட ஆள் இருப்பதில்லை.

இன்னும் ஆழத்தில் ஓர் இழப்பு இருக்கிறது. மனிதன் முடிந்துபோன பொருள் அல்லன். மண்ணுக்குள் இருட்டில் கிடந்தே விதை வேர் பிடிப்பதுபோல, தவறான எண்ணங்களை எண்ணிப் பார்த்து, அவற்றைத் தானே வெட்கத்தோடு விலக்கி, சொல்லத் தகாததைத் தனக்குள் சொல்லிப் பார்த்து, பின் சொல்லத் தக்கதைக் கண்டடையும் ஓர் இடம் அவனுக்கு வேண்டியிருக்கிறது. நம் அறமரபு நெஞ்சையே சாட்சியாக வைத்தது, ஊராரைப் பிறகுதான் வைத்தது. யாரும் காணாத இடத்தில் ஒருவன் எப்படி இருக்கிறான் என்பதையே அது மனிதனின் அளவாகக் கொண்டது. யாரும் காணாத இடம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டால், எங்கும் எப்போதும் வெளியிலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தால், உள்ளே இருந்த சாட்சிக்கு வேலையற்றுப் போகிறது. நேர்மை அச்சத்தின் இன்னொரு பெயராகச் சுருங்குகிறது. பார்க்கப்படுவதால் நல்லவனாக இருப்பவன் தான் உண்மையில் நல்லவனா என்பதைத் தானே அறிய வழியின்றிப் போகிறான். அப்படிப்பட்ட கோடிக்கணக்கானவர்களை ஆளும் அரசு, எல்லாரையும் பார்த்தபடியே, எவரையும் நம்ப முடியாத நிலைக்கு வந்து சேர்கிறது, நம்ப முடியாததால் மேலும் பார்க்கிறது. கண்காணிப்பு சுதந்திரத்தைக் குறைக்கிறது என்பது பாதி உண்மைதான். சுதந்திரத்தில் மட்டுமே விளையக்கூடிய அறத்தை அது விளையவிடாமல் செய்கிறது என்பதே முழு உண்மை. கரக் சிங் நல்லவராக வாழ்ந்தாரா என்பது நமக்குத் தெரியாது. வாழ்ந்திருந்தாலும், அது அவர் தேர்வா, கதவுக்கு வெளியே நின்ற காவலரின் விளைவா என்பதை அந்த ஏடு ஒருபோதும் சொல்லியிருக்காது.

ஆகவே கேட்க வேண்டியவை சில எளிய காரியங்கள். கண்ணைத் திறக்கும் முன் ஒரு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். திறந்த கண் எப்போது மூடும் என்ற வரையறை வேண்டும். இன்று நம் சட்டங்களின் ஞாபகம் விசித்திரமாக இருக்கிறது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், ரேகையோடு கருவிழியையும் கையெழுத்தையும் சேர்த்து எடுத்து, அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. விடுதலையானவரின் பதிவை அழிக்க வேண்டும் என்று அதில் விதி உண்டு. வேண்டாமென்று காரணம் எழுதி உத்தரவிடவும் இடம் உண்டு. ஒட்டுக்கேட்பு ஆணைகளையோ, தேவையில்லாதபோது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பது விதி. பேச்சை அழிப்பது பேசியவருக்கு நல்லதுதான், ஆணையும் கூடவே அழிந்தால் ஆணையிட்டவரைக் கேள்வி கேட்கத் தடயம் ஏது? ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு, எல்லாம் முடிந்து ஆபத்து ஏதுமில்லை என்றான பிறகாவது, அதைத் தெரிவித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நம் சட்டத்தில் இல்லை.