சிறுவர் சிரிக்கத் தகும் சிரிப்பு எது?

ஒரு நகைச்சுவைப் படம் சிறுவர்க்கும் பதின்பருவத்தினர்க்கும் ஏற்றதா என்ற கேள்வி எழும்போது, விடை தேடுவோர் பெரும்பாலும் திரையில் காட்டப்படுவனவற்றையே எண்ணத் தொடங்குகின்றனர். குருதி எவ்வளவு, ஆபாசம் எவ்வளவு, கெட்ட வார்த்தைகள் எத்தனை, மது அருந்தும் காட்சி உண்டா என்று கணக்கெடுத்து, அவை குறைவாக இருந்தால் குடும்பத்தோடு பார்க்கத் தக்க படம் என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர். பேய்ப் படத்துக்கோ அடிதடிப் படத்துக்கோ இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். நகைச்சுவைப் படமோ பார்ப்பவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டுதான் முழுமை பெறுகிறது. அது அவருடைய சிரிப்பு. அச்சத்தைப் பார்வையாளர் தாங்கிக்கொள்கிறார், சிரிப்பை அவரே தருகிறார். ஒருவர் சிரித்துவிட்டார் என்றால், எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, அங்கே நடந்ததற்கு அவர் ஏதோ ஒருவகையில் உடன்பட்டுவிட்டார் என்று பொருள். ஆகவே ஒரு படம் பிள்ளையை எதற்கு உடன்படச் செய்கிறது என்று கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கத் தொடங்கியவுடன் கேள்வி தணிக்கையின் எல்லையைக் கடந்து அறவியலுக்குள் வந்துவிடுகிறது.

இந்தியச் சட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம், அனைவரும் பார்க்கத்தக்க படத்துக்கு யு என்றும், வயது வந்தோர்க்கு மட்டுமான படத்துக்கு ஏ என்றும், பெற்றோரின் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கக்கூடிய படத்துக்கு யுஏ என்றும் சான்று தருகிறது. இந்த யுஏ வகை 2023ஆம் ஆண்டின் திருத்தத்தால் 7, 13, 16 என்னும் மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டது. உடற்குறையுடையோரை இழித்துக் காட்டுதல், பெண்களை இழிவுபடுத்துதல், இரட்டைப் பொருள்படப் பேசுதல் ஆகியவற்றைப் பற்றி 1991ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் எச்சரிக்கவும் செய்கின்றன. நெறி இருந்தும், நடைமுறையில் எண்ணக்கூடியதே எண்ணப்படுகிறது. ஒரு சொல்லை ஒலியடக்க முடியும், ஒரு காட்சியின் உள்நோக்கை ஒலியடக்க முடியாது. 2011இல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குப் பெறுவதற்கு யு சான்றிதழும் ஒரு நிபந்தனையாக்கப்பட்டது; அதன்பின், சிறுவர்க்கான தகுதி என்பது படத்தயாரிப்பின் வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரியாகவும் மாறிப்போனது.

சிரிப்பைப் பகுத்து நோக்குவதற்குத் தமிழில் இதைவிடக் கூர்மையான கருவி நெடுங்காலமாகவே இருக்கிறது. உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சி உடலின்வழி வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் முதலில் நிற்பது நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார் அவர். எள்ளல் என்பது இகழ்ந்து நகுதல். இளமை என்பது குழந்தைத்தன்மை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, உரையாசிரியர்கள் விளக்குமாறு, பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். மூப்பும் பிணியும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை இளிவரல் என்னும் வேறொரு மெய்ப்பாட்டின் களன்களாகச் சொல்லப்படுகின்றன. வறுமை அழுகையின் களனாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அழுகைக்குச் சொல்லப்பட்ட நான்கு களன்களுள் முதலாவது இளிவு. பிறரால் இகழப்பட்டு எளியராதல் என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆக, எள்ளல் நகையைப் பிறப்பிக்கிறது, இளிவு அழுகையைப் பிறப்பிக்கிறது. இரண்டும் இரு நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டியதில்லை, ஒருவர் இன்னொருவரை இகழும் ஒரே நிகழ்ச்சி, இகழ்ந்தவரின் பக்கம் நின்றால் நகையாகவும் இகழப்பட்டவரின் பக்கம் நின்றால் அழுகையாகவும் தோன்றுகிறது. தொல்காப்பியர் இங்கே விதி எதையும் இடவில்லை, உணர்ச்சிகள் பிறக்கும் இடங்களை மட்டுமே காட்டுகிறார் என்பது மெய்தான். ஆயினும் சிறுவர்க்கான படத்தை மதிப்பிடுவோர்க்கு வேண்டிய கேள்வி இந்தப் பகுப்பிலேயே அடங்கியிருக்கிறது: படம் பிள்ளையை எந்தப் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்க வைக்கிறது?

இதை நன்கு அறியப்பட்ட காட்சிகளில் வைத்துப் பார்க்கலாம். ஸ்ரீதர் இயக்கிய காதலிக்க நேரமில்லை (1964) படத்தில், படம் எடுக்கத் துடிக்கும் மகனாக வரும் நாகேஷ், தந்தையாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியில், செல்வமும் அதிகாரமும் உள்ள பெரியவர் சிறு பிள்ளையைப்போல நடுங்குகிறார். அங்கே பிறப்பது இளமையின் நகை, அதில் எவரும் சிறுமைப்படுவதில்லை. கரகாட்டக்காரன் (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி மடனுக்குச் சொல்லிவைத்தாற்போன்ற எடுத்துக்காட்டு: இரண்டு பழம் வாங்கி வரச் சொன்ன கவுண்டமணிக்கு ஒன்றை மட்டும் கொண்டுவந்து, மற்றது எங்கே என்று எத்தனை முறை கேட்டாலும் கையிலுள்ள அந்த ஒன்றையே காட்டி, கொண்டது விடாமல் நிற்கிறார் செந்தில். அடிக்கும் நிலையில் இருப்பவர் தருக்கத்தில் தோற்கிறார், அடி வாங்குபவர் வெல்கிறார். ஐந்து வயதுக் குழந்தையும் அந்த வெற்றியில் பங்குகொள்ள முடிகிறது. இதே இணையின் வேறு பல படங்களில் உடலமைப்பையும் நிறத்தையும் சொல்லித் திட்டுவதே நகைச்சுவையாக நின்றுவிடுகிறது. அங்கே மடனின் இடத்தை வெறும் எள்ளல் பிடித்துக்கொள்கிறது. நடிகர்கள் அவர்களே, திறமையும் அதுவே, சிரிப்பின் பிறப்பிடம் மட்டும் வேறு.

ஷங்கரின் சிவாஜி (2007) படத்தில், நாயகனுக்குப் பெண் பார்க்கும் பகுதியில் முகத்தில் கருமை பூசப்பட்ட இரு பெண்கள் கொண்டுவரப்படுகின்றனர். அவர்களைக் கண்டு நாயகன் மிரள்வதே நகைச்சுவை. அவர்களுக்கு இடப்பட்ட பெயர்களோ அங்கவை, சங்கவை என, பாரியின் மகளிர்க்கு உரியனவாக மரபு போற்றும் பெயர்கள். தந்தையையும் நாட்டையும் இழந்த துயரைப் புறநானூற்றில் பாடி நிற்கும் பாரி மகளிரை இப்படிப் பயன்படுத்தியதைக் கண்டு தமிழ் ஆர்வலர்கள் கண்டித்தது நியாயமே. அதைவிடப் பெரிய தீங்கு, அந்த அரங்கில் அமர்ந்திருக்கும் கறுத்த நிறமுள்ள சிறுமிக்கு நேர்கிறது. அவள் சிரித்தால் தன்னையே இகழ்வதற்கு உடன்படுகிறாள்; சிரிக்காவிட்டால் சுற்றிலும் சிரிக்கும் கூட்டத்திலிருந்து தனித்துப் போகிறாள். குருதியும் ஆபாசமும் இல்லாத அக்காட்சி, இந்த ஒரு காரணத்தாலேயே, சிறுவர்க்கு ஏற்றதன்று.

சிரிப்புக்கு வயது வரம்பு விதிக்கலாமா என்பதைக் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் அரசியல் என்னும் நூலின் ஏழாம் பகுதியில் நேராகவே எடுத்துக்கொள்கிறார். பொது விருந்தில் அமர்ந்து மது அருந்தும் வயது வரும்வரை இளைஞரை வசைப்பாட்டுக்கும் நகைச்சுவை நாடகத்துக்கும் பார்வையாளராக விடலாகாது என்றும், அந்த வயதில் அவர்கள் பெற்ற கல்வியே அவற்றின் தீங்கிலிருந்து அவர்களைக் காக்கும் என்றும் அவர் கருதினார். நகைப்புக்கு உரியது வலியையும் அழிவையும் தராத ஒரு குறை அல்லது அழகின்மை என்று கவிதையியலில் வரையறுத்தவரும் அவரே. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் இடைவெளி தெரிகிறது: எந்தக் குறை எவர்க்கு வலி தரும் என்பதைச் சிறு பிள்ளையால் இன்னும் கணிக்க முடியாது. பௌத்தப் பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில், கூத்தர் தலைவனான தாலபுடன், மக்களைச் சிரிக்க வைக்கும் கூத்தர் மறுமையில் சிரிக்கும் தேவர்களோடு பிறப்பரா என்று புத்தரைக் கேட்கிறான். புத்தர் விடை சொல்லத் தயங்கி, அவன் மீண்டும் மீண்டும் கேட்டபின், காண்போரிடம் ஏற்கெனவே உள்ள பற்றையும் வெறுப்பையும் மயக்கத்தையும் கூத்தன் மேலும் பெருக்குகிறான் என்கிறார். அதனால் அவன் மறுமையில் நரகத்திலேயே பிறப்பான் என்ற அவரது முடிவை ஏற்காதவரும், அந்தக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது.

சிறுவரையும் பதின்பருவத்தினரையும் ஒரே தட்டில் வைப்பதும் பிழையே. இரட்டைப் பொருள் வசனம் ஆறு வயதுக் குழந்தையின் காதில் வெறும் ஒலியாகக் கடந்துபோகலாம். பெற்றோர் அதற்கே மிகவும் அஞ்சுகின்றனர். அதே குழந்தை, தடித்த ஒருவரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டதை மறுநாளே பள்ளிக்கு எடுத்துச் செல்கிறது. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் வழங்கும் பட்டப்பெயர்களில் எத்தனையோ திரை நகைச்சுவையிலிருந்து வந்தவை. பதின்பருவத்தினர்க்குச் சிரிப்பு, கூட்டத்தில் ஒருவராக ஏற்கப்படுவதற்குச் செலுத்தும் கட்டணம். விருப்பமற்ற பெண்ணை ஓயாமல் பின்தொடர்வதை வேடிக்கையாகக் காட்டும் படம், அந்த வயதில் ஒரு நடத்தை முறையாகவே பதிகிறது. எனினும் கடுமையான பொருளைத் தொடும் நகைச்சுவையை அவர்களுக்கு மறுக்க வேண்டியதில்லை. சாப்ளினின் தி கிரேட் டிக்டேட்டர் (1940) கொடுங்கோலனை எள்ளுகிறது. வதைமுகாம்களின் உண்மைக் கொடுமையை அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று அவரே பின்னர்த் தன்வரலாற்றில் எழுதினார். எள்ளல் எதுவரை போகலாம் என்று பதினைந்து வயதினரோடு பேச இதைவிட நல்ல வாயில் அரிது.

இப்படியெல்லாம் ஆராய்ந்தால் சிரிப்பே செத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் சித்தரிப்பது பற்றிய தீர்ப்பில், குறைபாட்டைப் பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவையையும் குறைபாடுடையோரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவையையும் வேறுபடுத்திக் காட்டியது; முன்னதற்கு அது தடை சொல்லவில்லை. நீதிமன்றம் செய்த அந்த வேறுபாட்டை வீட்டிலும் செய்ய முடியும். படம் முடிந்து திரும்பும் வழியில் பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்: எந்த இடத்தில் மிக அதிகமாகச் சிரித்தாய், அப்போது அங்கே சிரிக்காமல் நின்றவர் யார்?