பெற்றவளும் எடுத்தவர்களும்

பிரசவத்தைச் சொல்ல நம் பேச்சில் இரண்டு வினைகள் புழங்குகின்றன. குழந்தை பிறப்புறுப்பின் வழியாக வந்தால் 'அவ பெத்தா' என்கிறோம். வயிற்றை அறுத்து வந்தால் 'ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க' என்கிறோம். முதல் வாக்கியத்தில் எழுவாய் பெண். இரண்டாவதில் எழுவாய் மருத்துவர்கள். பத்து மாதம் சுமந்தவள் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை.

என் குழந்தைகள் இருவரும் 'எடுக்கப்பட்டவர்கள்'. முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற முயன்றேன். பதினாறு மணி நேர வலிக்குப் பிறகு மறுபடியும் அறுவை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுத்த தாளில் 'ஃபெயில்டு ட்ரையல்' என்று எழுதியிருந்தது. தோற்றது எது? தோற்றது யார்? குழந்தை நலமாக இருக்கும்போது தாய் வருந்துவது நியாயமா? பதினோரு ஆண்டுகளாக இந்தக் கேள்விகளோடு இருக்கிறேன்.

ஒருமுறை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்ற எண்ணத்துக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் 1916இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. அக்காலத்தில் கருப்பையை மேலிருந்து கீழாக நெடுக்கு வாட்டில் அறுத்தார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிரியும் ஆபத்து அதிகம். பின்னர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக அறுக்கும் முறை வந்தது. அப்படி ஒரே ஒரு தழும்பு உள்ள பெண்கள் முயன்றால் நூற்றில் அறுபது முதல் எண்பது பேருக்குக் கைகூடுகிறது. தழும்பு பிரிவது ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கு. அரிதுதான். ஆனால் நேர்ந்தால் இரண்டு உயிர்களுக்கும் ஆபத்து. அதனால் உடனடியாக அறுவை செய்ய வசதியுள்ள மருத்துவமனையில்தான் முயல வேண்டும். இவ்வளவையும் கேட்டறிந்த பிறகே முடிவெடுத்தேன்.

அன்றைக்குக் கருப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் விரிந்து அதோடு நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் நகரவில்லை. ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, ஏறத் தாமதித்தது. அரை மணி நேரத்தில் அறுவை முடிந்தது. 'தாயும் சேயும் நலம்' என்று உறவுக்கெல்லாம் செய்தி போயிற்று.

'தாயும் சேயும் நலம்' என்பது நல்ல வாக்கியம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நம் ஊர்ச் சாலையோரங்களில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்தவை அவை. அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். அந்தக் கற்களைப் பார்த்தவள் அறுவைக் கத்தியை எதிரியாக நினைக்க முடியாது.

ஆனால் அந்த நல்ல வாக்கியமே ஒரு வாயடைப்பாகவும் மாறுகிறது. பார்க்க வந்த பெரியம்மாவிடம், "வலியும் பட்டு, கத்தியும் பட்டுட்டேன் பெரிம்மா" என்றேன். "புள்ள கல்லாட்டம் இருக்கான். அப்புறம் என்னடி கொறை ஒனக்கு?" என்றார். அதில் அன்பு இருந்தது. வருந்துவது நன்றிகேடு என்ற தீர்ப்பும் இருந்தது. நன்றியும் வருத்தமும் ஒன்றை ஒன்று அழிப்பவை என்று ஏன் நினைக்கிறோம்? பிள்ளை பிழைத்ததற்கு நன்றி. நான் காத்திருந்த ஒரு அனுபவம் கைக்கெட்டாமல் போனதற்கு வருத்தம். இரண்டும் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறித்தவை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

இன்னொரு தீர்ப்பும் வந்தது. "மொதல்லயே ஆபரேஷன்னு சொல்லியிருந்தா இவ்வளவு பாடு உண்டா? பிடிவாதம்" என்றார்கள். கைகூடியிருந்தால் இதே ஆட்கள் 'தைரியசாலி' என்றிருப்பார்கள். ஒரே பெண், ஒரே முடிவு, அன்று கையிலிருந்த அதே தகவல்கள். விளைவு மட்டும்தான் வேறு. நம் கையில் இல்லாத ஒன்றை வைத்து நம்மை மதிப்பிடும் இந்த முரணை 1976இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நாகெல் என்ற இரு தத்துவவாதிகள் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தார்கள். நூற்றில் இருபது முதல் நாற்பது பேருக்குக் கைகூடாது என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றில், அந்த எண்ணிக்கைக்குள் வந்தவளைத் தோற்றவள் என்பது எப்படிப் பொருந்தும்?

இங்கே பெண்ணியமும் ஒரு சங்கடத்தை எதிர்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இத்தனையும் தேவையால் நடந்தவையா என்று கேட்பது நம் கடமை. அந்தக் கேள்வியின் நிழலிலேயே வேறொரு குரலும் வளர்கிறது. 'நம் பாட்டிகள் பெறவில்லையா, உடல் தானே பெற்றுக்கொள்ளும்' என்கிற குரல். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பிரசவத்தைப் பெண் எழுதும் பரீட்சையாக ஆக்குவதில் இந்தக் குரலும் 'நார்மலா, சிசேரியனா?' என்று கேட்கும் உறவும் ஒன்றுதான். பரீட்சை என்று ஆகிவிட்டால் தோற்பவளும் இருந்தாக வேண்டும்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியவில்லை. வலியில் தவித்த மகளுக்குத் தாயின் உருவில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். அந்தக் கதை கொண்டாடுவது அந்த மகளின் உடல் திறமையை அன்று. வலி நேரத்தில் அவள் தனியாக விடப்படவில்லை என்பதைத்தான். 'சுகம்' என்ற சொல்லுக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருளும் அதுவே.

அப்படிப் பார்த்தால் என் இரண்டு அறுவைகளும் ஒன்றல்ல. முதல் பிரசவத்தில் வேறொரு மருத்துவமனையில் ஒப்புதல் தாளை வெளியே நின்ற கணவரிடம் நீட்டினார்கள். 'தியேட்டருக்கு மாத்துறோம்' என்பது மட்டும் எனக்குச் சொல்லப்பட்டது. இரண்டாவதில் மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்தார். இதயத்துடிப்பு வரைபடத் தாளைக் காட்டினார். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், காத்தால் என்ன ஆகலாம் என்று விளக்கிவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். ஒரு வலி வந்து போகும்வரை யோசித்தேன். "பண்ணுங்க டாக்டர்" என்றேன். என் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ஆனால் அது என் கையெழுத்து. மருத்துவத் தாளில் தோல்வி என்று பதிவானது இந்த இரண்டாவது பிரசவம்தான். முதலாவதுக்கு அப்படி எந்தப் பெயரும் இல்லை.

இதனால் வருத்தம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தோழி ஒருத்தி அவளுடைய பிரசவத்தைச் சொல்லும்போது, கடைசி மூன்று சென்டிமீட்டர் எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் ஒரு கணம் நினைப்பேன். அந்த நினைப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பிரசவம் முடிந்த பெண்ணைப் பார்க்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. நார்மலா, சிசேரியனா என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். அவள் அழுதால் 'குழந்தை நல்லா இருக்கே' என்று உடனே முடித்துவிடாதீர்கள். அவள் சொல்லி முடிக்கட்டும். அவள் சொல்லும் வாக்கியங்களில் எழுவாய் அவளாகத்தான் இருப்பாள்.