நாளைய உழைப்பை இன்று விற்கலாமா?

கடன்பட்டு வாழ்தல் அறத்திற்குப் பொருந்துமா என்னும் வினா புதியதன்று. ஆயினும் நம் இளைஞரை முன்னிறுத்தி அவ்வினாவை மீண்டும் எழுப்ப வேண்டிய கட்டாயம் இன்று நேர்ந்துள்ளது. முன்னாளில் கடன் வேண்டுவோன் ஒருவர் வாசலைத் தேடிச் சென்று, தலை தாழ்த்தி நின்று, சாட்சி வைத்துக் கைச்சாத்திட வேண்டியிருந்தது. அந்த நாணமே அவனுக்கு ஒரு வேலியாயிற்று. இன்றோ, படுக்கையில் சாய்ந்தபடியே கைப்பேசியை ஒருமுறை தொட்டால் போதும். கேட்ட கடன் வந்து சேர்கிறது. வேலி நீங்கிற்று, பள்ளம் நீங்கவில்லை.

1929ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்று 1931இல் தன் அறிக்கையை அளித்த தொழிலாளர் நிலை பற்றிய அரச ஆணையம், அஃதாவது விட்லி ஆணையம், இந்திய ஆலைத் தொழிலாளரின் கடன் சுமையை விரிவாக ஆராய்ந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் கடனில் இருந்தனர். அவர்களுள் மிகப் பலருடைய கடன் மூன்று மாதக் கூலியினும் மிகுந்திருந்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி, அஃதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 75, என்பது பரவலான வழக்கமாயிருந்தது. சம்பள நாளில் வட்டிக்குக் கொடுப்போர் தடியுடன் ஆலை வாயிலிலேயே காத்து நின்றனர். அவ்வாறு வளைத்துக்கொண்டு வசூலிப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. அன்று வாயிலில் நின்றவர் இன்று தொழிலாளியின் சட்டைப்பையிலேயே குடியிருக்கிறார். தடி இல்லை, சம்பளம் வங்கிக்கு வந்த அன்றே தவணை தானாகக் கழிந்துவிடுகிறது. இவ்வளவே வேறுபாடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெங்களூரில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞன் மாதம் 25,000 ரூபாய் ஈட்டுகிறான் என்று கொள்வோம். 40,000 ரூபாய் விலையுள்ள கைப்பேசியைக் கடன் அட்டையின் பேரில் வாங்குகிறான். மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை என்றால் முதல் மாத வட்டி 1,400 ரூபாய். அவ்வட்டியின் மேல் நூற்றுக்கு 18 வீதம் வரி 252 ரூபாய். செலுத்த வேண்டிய குறைந்த அளவுத் தொகை நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், அவன் செலுத்துவது 2,000 ரூபாய். அதில் 1,652 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போக, கடனில் குறைவது 348 ரூபாயே. கடனைக் கட்டிவருகிறோம் என்று அவன் நிம்மதியாக உறங்குகிறான். கடனோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாக்கி முழுவதையும் தீர்க்காதவனுக்குப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை என்பதையும் அவன் அறியான். ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடைகள் விளம்பரம் செய்கின்றன. வட்டியே இல்லாத கடன் என்பதொன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. வட்டி வேறு பெயரில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்பதே பொருள்.

இதற்கு இளைஞர் கூறும் மறுமொழியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. “இளமையில் துய்க்காததை முதுமையிலா துய்ப்பது? நாளை என் சம்பளம் உயரும். நாளைய பணத்தை நானே இன்று செலவிடுகிறேன். இதில் பிறருக்கு என்ன தீங்கு?” என்கின்றனர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பொருள் துய்ப்பதற்கன்றிப் புதைப்பதற்கன்று. கல்விக்காகவும், தொழிற்கருவிக்காகவும், குடியிருக்க ஒரு வீட்டுக்காகவும் வாங்கும் கடன் நாளைய உழைப்புக்குத் துணை செய்வது. அத்தகைய கடனை அளவறிந்து ஏற்பது குற்றமாகாது.

ஆனால், ‘என் பணம்’ என்று அவன் சொல்வதை உற்று நோக்குங்கள். அந்தக் கடனை அடைக்கப் போகிறவன் இன்று அதனால் மகிழ்பவன் அல்லன். மூன்றாண்டுக்குப் பின் வரப்போகும் ஒருவன். அவனுடைய தாய் அன்று நோயுற்றிருக்கலாம். அவனுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கலாம். அவனது வேலை போயிருக்கலாம். அவனைக் கலந்துகொள்ளாமலே அவன் உழைப்பை நாம் விற்றுவிடுகிறோம். அவன் நம் பெயரைத் தாங்கியிருக்கிறான் என்பதனால் மட்டும் அவனுக்கு இழைக்கும் தீங்கு தீங்கல்லாது போகுமா?

மேலும், கடன் பணத்தை மட்டும் கொண்டுபோவதில்லை. ‘இது முறையன்று, நான் செய்யேன்’ என்று மேலதிகாரியிடம் சொல்லும் துணிவையும் கொண்டுபோகிறது. அடுத்த தவணை ஐந்தாம் தேதி காத்திருக்கையில் எவன் அநீதியை எதிர்த்துப் பேசுவான்? ஊருக்குப் பணம் அனுப்பாததற்குத் தாயிடம் ஒரு பொய். கைமாற்றுக் கேட்க நண்பனிடம் மற்றொரு பொய். சோம்பலாலும் கொடுமையாலும் பொய்யனாகாத நல்ல பிள்ளை, ஒரு கைப்பேசியால் பொய்யனாகிறான். கடன் அறத்தைத் தொடுவது இவ்விடத்திலேதான்.

புத்தர் பெருமான் அனாதபிண்டிகருக்கு இல்லறத்தார் அடையத்தக்க இன்பங்கள் நான்கை எடுத்துரைத்தார். பொருள் உடைமை ஒன்று, அதனைத் துய்த்தல் ஒன்று, கடன் இன்மை ஒன்று, குற்றமின்மை ஒன்று. பொருள் துய்த்தலை அவர் பழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் கடன் இன்மையை வெறும் பாதுகாப்பாகக் கருதாமல், தனியே ஓர் இன்பமாக எண்ணினார். குற்றமின்மையையோ ஏனைய மூன்றினும் மிக மேலானதாக வைத்தார். கடனால் பொய் சொல்ல நேர்ந்தவன் மூன்றாவது இன்பத்தோடு நான்காவதையும் இழக்கிறான் அன்றோ? சிகாலோவாத சூத்திரத்தில் வருவாயை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, ஒன்றை இடுக்கண் வருங்காலத்துக்கு வைக்கும்படி கூறப்பெற்றுள்ளது. இன்றைய வாடகைக்கும் விலைவாசிக்கும் இப்பகுப்பு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாது போகலாம். எனினும், வருவாய் கைக்கு வருமுன்னரே ஐந்தாவது கூறொன்றைச் செலவிடலாம் என்று எந்தக் கணக்கும் கூறவில்லை.

பிழை முழுவதும் இளைஞருடையதே என்று கூறுவது நேர்மையாகாது. ஆசையை மூட்டுவதற்கென்றே கற்றவர் பலர் ஊதியம் பெற்று உழைக்கின்றனர். அதனால்தான் ரிசர்வ் வங்கி, கேளாத கடன் அட்டையை ஒருவர் தலையில் கட்டலாகாது என்று 2022இல் வங்கிகளுக்கு ஆணையிட்டது. செயலிகள் வழியே தரும் கடனின் முழு ஆண்டுச் செலவையும் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்றும் அவ்வாண்டே விதித்தது. 2023 நவம்பரில், பிணையற்ற நுகர்வுக் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்குமாறும் செய்தது. ஆயினும் சட்டத்தின் கைக்கும் ஓர் எல்லை உண்டு. கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 30ஐத் தாண்டலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே வட்டியின் உச்சத்தைப் பிறர் வரையறுப்பர் என்று காத்திராமல், ஆசையின் உச்சத்தை நாமே வரையறுக்க வேண்டியுள்ளது.

பெரியோராகிய நாமும் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். திருமணப் பந்தலுக்கும் விருந்துக்கும் நகைக்கும் கடன் வாங்கி, ஊர் மெச்ச வேண்டும் என்று பத்தாண்டு வட்டி கட்டியவர் நம்மில் எத்தனை பேர்! அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, தோழர் மெச்ச வேண்டும் என்று கைப்பேசி வாங்கினால், அவன் நம்மிடம் கற்ற பாடத்தையே ஒப்புவிக்கிறான். பணத்தைப் பற்றிப் பிள்ளைகள் முன் பேசலாகாது என்று கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டில், பிள்ளை பணத்தைப் பற்றி விளம்பரத்திடமே கற்றுக்கொள்கிறான்.

சிக்கனம் சொற்பொழிவால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் வாரந்தோறும் ஒரு சிறு தொகையைக் கொடுங்கள். அவன் அதை முதல் நாளே தீர்த்துவிட்டால், மறு வாரம் வரை அவன் காத்திருக்கட்டும். பத்து ரூபாயில் கற்கும் அப்பாடத்தை, 25ஆம் வயதில் ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்துக் கற்க நேராது. வேலைக்குச் செல்லும் இளைஞன் விலையை ரூபாயில் எண்ணாது நாளில் எண்ணிப் பார்க்கட்டும். 26 நாள் உழைத்து 25,000 பெறுபவனுக்கு அந்தக் கைப்பேசியின் விலை ஏறத்தாழ 42 நாள் உழைப்பு, வட்டி வேறு. அத்தனை நாளை அதற்குத் தரலாம் என்று அமைதியான மனத்துடன் அவனுக்குத் தோன்றினால், பணத்தைச் சேர்த்து வாங்கட்டும். விருப்பம் தோன்றிய அன்றே வாங்காது சில நாள் பொறுத்தால், பல விருப்பங்கள் தாமே அடங்கிவிடுவதையும் அவன் காண்பான்.

இறுதியாக, ஏற்கெனவே கடனில் ஆழ்ந்திருக்கும் தம்பி, தங்கையர்க்கு ஒரு சொல். அதனை மறைக்காதீர்கள். ஒரு கடனை அடைக்க அதனினும் கொடிய வட்டிக்கு மற்றொரு கடன் வாங்காதீர்கள். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி, நம்பத்தக்க ஒருவரிடம் காட்டி, வட்டி மிகுந்ததை முதலில் தீருங்கள். வசூலிப்போர் மிரட்டினால் காவல் நிலையம் உண்டு. வங்கிக் குறைதீர்ப்பாளர் உண்டு. கடன் எவ்வளவு பெரிதாயினும் அஃது ஒரு கணக்கு. கணக்குக்காக உயிரை விடுவது கூடாது. பெற்றோரே, பிள்ளை வந்து உண்மையைச் சொல்லும் நாளில் முதலில் அவனைக் கடியாதீர்கள். அவன் பொய்யை விட்டு வெளியே வந்துவிட்டான். கடனிலிருந்து வெளியே வரும் வழியில் முதற்படி அதுவே.