யாருடைய நஷ்டம்?

1992-ல் ரியோ மாநாட்டின்போது நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில், நான்காம் பிரிவின் எட்டாம் உட்பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. காலநிலை மாற்றத்தாலோ, அதைத் தடுக்க உலகம் எடுக்கும் நடவடிக்கைகளாலோ அடிபடக்கூடிய வளரும் நாடுகள் எவையெவை என்று அது வரிசைப்படுத்துகிறது. முதலில் சிறு தீவு நாடுகள். இரண்டாவது, தாழ்வான கடற்கரை உள்ள நாடுகள். பிறகு பேரிடர், வறட்சி என்று போய் எட்டாவது வரியில், எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருட்களின் வருமானத்தைப் பெரிதும் நம்பி வாழும் நாடுகள்.

மூழ்கப்போகிறவனும் எண்ணெய் விற்கிறவனும் ஒரே வரிசையில். படித்தவுடன் சிரிப்புதான் வரும். சிகரெட் கம்பெனி முதலாளி கேன்சர் வார்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் இருந்து பார்த்தால் சிரித்துவிட்டு நகர முடியவில்லை. புதுவாயலில் இருந்து கிழக்கே பொன்னேரி தாண்டிப் போனால் பழவேற்காடு. அது பட்டியலின் இரண்டாவது வரி. தெற்கே மீஞ்சூர் வழியாக இறங்கினால் எண்ணூர், மணலி. அங்கே எட்டாவது வரியின் ஒரு துண்டு இருக்கிறது. மணலி ரிபைனரியை நடத்தும் நிறுவனம் 1965-ல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. அமோகோ வெளியேறிவிட்டது. ஈரானின் பங்கு பிறகும் நீடித்தது. எங்கேயோ பாலைவனத்தில் நடக்கிற கதை இல்லை இது.

அவர்கள் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். எண்ணெயை எடுத்தது நாங்கள், எரித்துப் பணக்காரர் ஆனது நீங்கள். பெட்ரோலுக்கு எங்களைவிட அதிக வரி போட்டுச் சம்பாதித்ததும் உங்கள் அரசுகள்தான். இப்போது திடீரென்று ஒழுக்கம் பேசுகிறீர்கள். அதே நேரம் 2018 முதல் உலகிலேயே அதிகம் கச்சா எண்ணெய் எடுப்பது அமெரிக்கா. ஈராக்கின் அரசு வருமானத்தில் சுமார் 90 விழுக்காடு எண்ணெயில் இருந்து வருகிறது. அது நின்றால் வாத்தியார் சம்பளம் நிற்கும். இதில் எதுவும் பொய் இல்லை.

ஆனால் வாடிக்கையாளர் போவது அநீதியா? செல்போன் வந்ததும் எஸ்டிடி பூத்துகள் காணாமல் போயின. யாரும் நஷ்ட ஈடு கேட்கவில்லை. அது சந்தை, இது சட்டம் என்று பதில் வரலாம். சரி, சட்டத்துக்கே வருவோம்.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கேடு என்று முடிவான ஒரு பொருளின் தேவையை அரசே வெட்டியது. அதில் இரண்டு பேருக்கு நஷ்டம். ஒன்று, கள், சாராய வருமானத்தை இழந்த கஜானா. இன்னொன்று, மரம் ஏறிக் கள் இறக்கியவர். கஜானாவுக்கு வழி பிறந்தது: 1939-ல் விற்பனை வரி வந்தது. மரமேறியால் யாருக்கும் வரி போட முடியாது.

இந்த இரண்டு நஷ்டமும் ஒன்றல்ல. எண்ணெய் நாடுகளின் வாதத்தில் எனக்கு இருக்கும் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் மரமேறியின் முகத்தைக் காட்டிக் கஜானாவுக்குப் பணம் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, ஓபெக்கின் பொதுச் செயலாளர் உறுப்பு நாடுகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். புகையைப் பற்றிப் பேசாமல் எரிபொருளையே குறிவைக்கிற எந்த வாசகத்தையும் ஏற்காதீர்கள். நம் மக்களின் வளமும் எதிர்காலமும் ஆபத்தில் இருக்கிறது என்பது அதன் சாரம். அதே நாட்களில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் படகில் நின்று அதை வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 'மக்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள் என்று அப்போது யோசித்தேன்.

எண்ணெய் விலை சரிந்தால் முதலில் யார் விழுவார்கள் என்பதற்கு ஒரு ஒத்திகையே நடந்திருக்கிறது. 2014 நடுவில் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் இருந்த விலை, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. சவூதியில் கட்டுமான நிறுவனங்களுக்கு அரசிடமிருந்து வர வேண்டிய பணம் நின்றது. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் முகாம்களில் கிடந்தார்கள். ஜித்தாவில் இருந்த நம் துணைத் தூதரகம் அவர்களுக்கு அரிசி, பருப்பு கொடுக்க வேண்டி வந்தது. எந்த மாநாட்டு நஷ்ட ஈட்டுக் கணக்கிலும் அந்த வெல்டர் இல்லை. அவர் அந்த நாட்டின் 'மக்கள்' கிடையாதே.

இதனால் மறுதரப்பு உத்தமர்கள் ஆகிவிட மாட்டார்கள். 2007-ல் ஈக்வடார் ஒரு யோசனை சொன்னது: யசுனி காட்டுக்கு அடியில் இருக்கும் எண்ணெயை எடுக்காமல் விட்டுவிடுகிறோம், அதன் மதிப்பில் பாதியை, 360 கோடி டாலரை, உலகம் கொடுக்கட்டும். 2013-ல் திட்டத்தைக் கைவிட்டபோது கையில் வந்திருந்தது சுமார் 1.3 கோடி டாலர். எடுக்காதே என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருந்தது. கடைசியில், பத்து வருடம் கழித்து 2023-ல், எடுக்க வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தது அந்த நாட்டு மக்களேதான்.

அப்படியானால் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? என் அளவுகோல் எளிது. வருவது முன்பே தெரிந்ததா? மாறுவதற்குக் கையில் பணமும் காலமும் இருந்ததா? குவைத் 1953-லேயே எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்ய வாரியம் அமைத்தது. அந்த எட்டாவது வரி எழுதி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைவிடப் பெரிய நோட்டீஸ் பீரியட் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. சேர்த்து வைத்தவர்கள் நஷ்டம் என்று சொன்னால் அது வியாபாரக் கவலை, அவ்வளவுதான். போரிலும் கடனிலும் அந்த வருடங்களைத் தொலைத்த ஈராக் வேறு. அவர்களுக்கு உதவ வேண்டியது தருமம் இல்லை, கடமை. ஆனால் அந்த உதவி அடுத்த வேலைக்குப் போக வேண்டும். பழைய கிணறு இன்னும் பத்து வருடம் ஓடுவதற்கு அல்ல.

இதைச் சொல்வது எனக்குச் சுலபம். கோடு எழுதுகிறவனுக்குப் பழைய மொழி போனால் புது மொழி. எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் சுற்றிலும் வாகன பாகங்களை நம்பி எத்தனையோ குடும்பங்கள். பெட்ரோல் இஞ்சினுக்கு பாகம் கடையும் கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கும் தெரு அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, கரண்டு வண்டியில பிஸ்டனே கிடையாதாமே?"

"ஆமாண்ணே. சைலன்சரும் கிடையாது."

"அப்ப எங்களுக்கு யாரு சொல்லுவா, எப்ப நிறுத்தப்போறாங்கன்னு?"

அவர் கேட்டதைக் கவனியுங்கள். நஷ்ட ஈடு கேட்கவில்லை, மின்சார வண்டி வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. தேதி கேட்டார். அவருடைய கம்பெனிக்கு எந்த மாடல் எந்த வருடம் முடியும் என்று ஓரளவு தெரியும். கான்ட்ராக்டில் இருக்கும் அவருக்கு ஒரு மாத நோட்டீஸ்கூட உறுதி இல்லை. அரசுகளுக்கு முப்பது வருடம் கிடைத்த இடத்தில் இவருக்கு முப்பது நாள்.

எண்ணெய் நாடுகளின் கவலையை நாம் கேலி செய்யலாம், தவறில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு லைன் மூடப்படும்போது கம்பெனியின் நஷ்டத்தை மட்டும் கணக்கில் எழுதி, மெஷினில் நின்றவரை விட்டுவிட்டால், நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். கஜானாவின் நஷ்டத்தைப் பேச எப்போதும் ஆள் இருக்கும். மரத்தில் இருந்து இறங்கி நிற்கிறவருக்கு அடுத்த வேலை எது, எந்தத் தேதியில் என்று சொல்ல முடிகிற கொள்கையைத்தான் நியாயமானது என்று நான் ஒப்புக்கொள்வேன்.