மறுப்பவரின் மனச்சான்று

கோவையில் காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மோதல் மூண்டபின், வழக்கில் சிக்கிய காவலர்களுக்காக எவரும் வாதாடலாகாது என அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. இத்தகைய தீர்மானங்கள் செல்லா என்று உச்சநீதிமன்றம் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

தனியொரு வழக்கறிஞர் மறுக்கலாமா? தம் நிலைக்கேற்ற கட்டணத்தோடு வரும் வழக்கை ஏற்க அவர் கடமைப்பட்டவர் என்கிறது இந்திய பார் கவுன்சில் விதி. சிறப்பான சூழ்நிலைகளில் மறுக்கவும் இடம் தருகிறது. தாமே சாட்சியாக நேரும் வழக்கென்றால் ஒதுங்கவே வேண்டும். குற்றத்தின் கொடுமை கண்டு மனம் கூசுவதும் அத்தகைய சூழ்நிலைதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூசுவது குற்றத்தைக் கண்டு. கைவிடப்படுபவரோ இன்னும் குற்றவாளியெனத் தீர்க்கப்படாதவர். ஒருவர் மறுத்தால் இன்னொருவர் வருவார் என்பர். பெருநகரில் அது மெய்தான். நான்கே வழக்கறிஞர்கள் உள்ள சிற்றூரில் நால்வர் மனமும் கூசினால், தீர்மானம் ஏதுமின்றியே அவர் தனித்து நிற்பார்.